ரிப்போர்ட்ல இருந்த மூணு ஜீனும், எங்க வீட்ல யாரும் கேன்சர்னு சொல்லாத ஒரு கட்டியும்

அப்பாவுக்கு மீசோதீலியோமான்னு, அதாவது நுரையீரலைச் சுத்தி இருக்கிற உறையில வந்த கேன்சர்னு உறுதியான அன்னிக்கு கைல குடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல மூணு வரி இருந்துச்சு. பேப்1, லாஸ். எம்டாப், லாஸ். சிடிகேஎன்2ஏ, ஹோமோசைகஸ் டெலீஷன் இருக்கு. மூணும் ஜீன் பேரு, லாஸ்னா கட்டி செல்லுல அதோட புரோட்டீன் காணோம்னு அர்த்தம், ஹோமோசைகஸ் டெலீஷன்னா அந்த ஜீனோட ரெண்டு காப்பியும் அறுந்து போச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல செல் எந்த ரகம்னு சொல்ற மாதிரி எபிதீலியாய்டு டைப்னு ஒரு வரி. டாக்டர் எல்லாத்தையும் பொறுமையா சொன்னாருன்னு தான் நினைக்கிறேன், ஆனா அந்த ரூம்ல உக்காந்திருந்த அரை மணி நேரத்துல என் காதுல விழுந்தது பாதி கூட இல்ல, ராத்திரி அப்பா தூங்கினப்புறம் போனை எடுத்து ஒவ்வொரு பேரா தேட ஆரம்பிச்சேன், விடியற வரைக்கும் விடல.

காலைல நான் முடிவு பண்ணி வச்சிருந்தது என்னன்னா சிடிகேஎன்2ஏ போயிடுச்சுன்னா சீக்கிரம் போயிடுவாங்க, அவ்ளோதான். நாள் போகப் போக எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு காட்டுற ஒரு கிராஃப்ல ரெண்டு கோடு போட்டிருந்தாங்க, ஜீன் இருக்கிறவங்க கோடு மெதுவா எறங்குது, இல்லாதவங்க கோடு படபடன்னு எறங்குது, எங்க அப்பா அந்த ரெண்டாவது கோட்டுல எங்கேயோ இருக்காருன்னு நானே புள்ளி வச்சுப் பாத்துட்டேன். ரெண்டு மூணு வாரம் அப்பா மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடு தான் தெரிஞ்சுது. இப்போ இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டைக் கைல வச்சுக்கிட்டு ராத்திரி முழிச்சிருக்கிற யாராவது இருப்பீங்க, உங்களுக்காகத்தான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா 3 வருஷத்துக்கு மேல இந்தப் பேருங்களோடயே வாழ்ந்திருக்கேன்.

முதல்ல இந்த நோய் எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். அப்பா இருபது வயசுல கப்பல் இஞ்சின் ரூம்ல பைப்புக்கெல்லாம் சூடு வெளிய போகாம உறை சுத்துற வேலை பாத்தவர். மொத்தம் 4 வருஷம் தான், அப்புறம் வேற வேலைக்கு மாறிட்டார். வீட்டுக்கு வரும்போது சட்டை மடிப்புல, காலர் உள்பக்கம் எல்லாம் வெள்ளையா தூசி ஒட்டியிருக்கும், அம்மா வாசல்ல நின்னு உதறிட்டுத்தான் துவைக்கப் போடுவாங்களாம். அது ஆஸ்பெஸ்டாஸ்னு அப்போ அவங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. மூச்சுல உள்ள போன நார் நுரையீரலைச் சுத்தி இருக்கிற ப்ளூரா உறை வரைக்கும் போய் அங்கேயே தங்கிடும், பொதுவா 20லேர்ந்து 50 வருஷம் கழிச்சுத்தான் நோய் வெளிய தெரியும். தென் ஆப்பிரிக்காவுல வாக்னர்ங்கிற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில இருந்து 33 பேரோட கேஸை 1960லயே எழுதிட்டாங்க. அதுக்கு எவ்ளோ வருஷம் கழிச்சும் எங்க அப்பா மாதிரி ஆளுங்க மாஸ்க் கூட இல்லாம அதைத் தொட்டுக்கிட்டிருந்தாங்கன்னு நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

அப்பாவுக்கு 59 வயசுல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வலது பக்கம் நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கிச்சுன்னு சொல்லி ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தாங்க, டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, ரிப்போர்ட்ல 'ரியாக்டிவ் மீசோதீலியல் செல்ஸ்'னு வந்துச்சு, கேன்சர் இல்லன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டோம். மூணு மாசத்துல மறுபடி நீர். அப்போ வேற இடத்துக்குப் போனோம், தோராகோஸ்கோபி பண்ணி, அதாவது நெஞ்சுக்குள்ள கேமரா குழாய் விட்டு, உறையிலிருந்தே சதை எடுத்துத்தான் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அந்தப் பழைய நீர்ல இருந்து செல்லை மட்டும் சேத்து மெழுகுல பதிச்சு வச்சிருந்த செல் பிளாக்கை இங்க இருந்த பெத்தாலஜிஸ்ட் (சதை, செல்லை மைக்ரோஸ்கோப்ல பாக்கற டாக்டர்) வாங்கி, புரோட்டீன் இருக்கா இல்லையான்னு கலர்ல காட்டுற பேப்1 ஸ்டெயின் போட்டுப் பாத்தாங்க, அதுலயே லாஸ் இருந்துச்சு. அதாவது மூணு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இதைக் கேட்டப்போ வந்த கோவத்தை என்னால சொல்ல முடியாது. அதனால முதல் விஷயமா இதைச் சொல்றேன், ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் போன ஆளுக்கு காரணம் தெரியாம நீர் கோத்தா, ரியாக்டிவ்னு வந்தாலும் அதோட விடாதீங்க, செல் பிளாக் இருக்கா, அதுல பேப்1, எம்டாப் போட்டுப் பாக்க முடியுமான்னு வாயத் தொறந்து கேளுங்க. ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பாத்ததை டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க, அந்த முதல் இடத்துல நாங்க அதைச் சொல்லவே இல்ல.

அந்த பெத்தாலஜிஸ்ட் அம்மா பண்ண ஒரு உதவியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் ரொம்ப கேள்வி கேக்கறதைப் பாத்துட்டு "வாங்க, கண்ணாலயே பாத்துடுங்க"ன்னு மைக்ரோஸ்கோப் கிட்ட உக்கார வச்சாங்க, அது ரெண்டு பேர் ஒரே நேரத்துல பாக்கற மாதிரி ரெண்டு பக்கமும் ஐபீஸ் இருக்கிறது. முதல்ல ஒண்ணும் புரியல, வெளிர் நீலத்துல முட்டை முட்டையா கூட்டமா இருந்துச்சு. "இந்த நீலம் எல்லாம் அப்பாவோட கட்டி செல்லு. பேப்1 புரோட்டீன் இருந்தா நியூக்ளியஸ் பழுப்பு கலர்ல வந்திருக்கணும். இப்போ இங்க பாருங்க"ன்னு ஸ்லைடை லேசா நகத்தினாங்க, நீலத்துக்கு நடுவுல கடுகு சிந்தின மாதிரி சின்னச் சின்னதா பழுப்புப் புள்ளிங்க. அது லிம்ஃபோசைட்டாம், அப்பாவோட நல்ல செல்லு. அதுல பழுப்பு ஏறியிருக்கிறதால தான் ஸ்டெயின் சரியா வேலை செஞ்சிருக்கு, கட்டியில இல்லாதது நிஜமாவே இல்லாததுன்னு நம்பலாம்னு சொன்னாங்க. நல்ல செல்லுலயும் கலர் ஏறலைன்னா அந்த டெஸ்ட்டையே தூக்கிப் போட்டுட்டு மறுபடி பண்ணணுமாம்.

அங்க உக்காந்து தான் எனக்கு ட்யூமர் சப்ரஸர் ஜீன்னா என்னன்னு புரிஞ்சுது. செல்லு கண்டபடி பெருகாம புடிச்சு வைக்கிற பிரேக்கு இதெல்லாம். ஒவ்வொண்ணுலயும் நமக்கு ரெண்டு காப்பி, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, பொதுவா ரெண்டும் போனாத்தான் பிரேக் முழுசா போகும். இதை நட்ஸன்ங்கிறவர் 1971ல குழந்தைங்களுக்கு வர்ற கண் கட்டியை வச்சுக் கணக்கு போட்டுச் சொன்னார். நிறைய கேன்சர்ல ஏதோ ஒரு ஜீன் தப்பா ஆன் ஆகி ஓடிக்கிட்டே இருக்கும், அதை நிறுத்த மாத்திரை இருக்கும். மீசோதீலியோமால பெரும்பாலும் பிரேக் போறது தான் கதையே. இல்லாத ஒண்ணை மாத்திரையால எப்படி நிறுத்துறது, இந்த நோய்க்கு குறி பாத்து அடிக்கிற மருந்து வர இவ்ளோ நாள் ஆகறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சிடிகேஎன்2ஏ 9வது குரோமோசோம்ல இருக்கு. ஒரே இடத்துல இருந்து ரெண்டு புரோட்டீன் வருது, பி16னு ஒண்ணு செல் பிரியறதை நேரடியா தடுக்கும், பி14ஆர்ஃப்னு இன்னொண்ணு பி53ங்கிற வேற ஒரு பிரேக் புரோட்டீனை காப்பாத்தும். அதனால அந்த ஒரு துண்டு அறுந்து போனா ரெண்டு பிரேக் ஒரே அடியில போகுது. எம்டாப் அதுக்குப் பக்கத்து வீட்டு ஜீன், துண்டு பெருசா அறுந்தா அதுவும் சேந்தே போயிடும், அதனால எம்டாப் ஸ்டெயின்ல லாஸ்னு வந்தா சிடிகேஎன்2ஏயும் போயிருக்கும்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லலாம், ஆனா எம்டாப் இருக்குன்னு வந்தா சிடிகேஎன்2ஏ நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. நேரா பாக்கணும்னா ஃபிஷ் டெஸ்ட், அதுல செல்லுக்குள்ள கலர் புள்ளியா தெரியும், 9வது குரோமோசோமுக்கு ஒரு கலர், ஜீனுக்கு ஒரு கலர், ரெண்டு ரெண்டா இருக்கணும், அப்பாவோட செல்லுல குரோமோசோம் புள்ளி இருந்துச்சு, ஜீன் புள்ளி ஒண்ணு கூட இல்ல. இன்னொண்ணு என்எஃப்2, 22வது குரோமோசோம்ல, அது செய்யற புரோட்டீன் பேரு மெர்லின். அப்புறம் அந்த பி53ஐ செய்யற ஜீன் டிபி53. இந்த ரெண்டும் அப்பாவுக்கு சீக்வென்சிங்ல, அதாவது ஜீனை எழுத்தெழுத்தா படிக்கிற டெஸ்ட்ல, நல்லா இருந்துச்சு. டிபி53 கெட்டுப் போனவங்களுக்கு நாள் குறைவுன்னு பெரிய ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு, அதனால அது நல்லா இருந்தது எங்களுக்கு ஒரு ஆறுதல்.

இப்போ நான் அந்த ராத்திரி எங்க தப்பு பண்ணேன்னு சொல்றேன். மூணு வரியையும் 'எவ்ளோ நாள்' அப்படிங்கிற ஒரே கேள்விக்கு பதிலா படிச்சேன். உண்மையில ஒவ்வொரு வரியும் வேற வேற கேள்விக்கு பதில். பேப்1 லாஸ் முக்கியமா சொல்றது 'இது சும்மா வீங்கின செல் இல்ல, கேன்சர் தான்'ங்கிறதை, அந்த விஷயத்துல அது ரொம்ப நம்பகமானது, ப்ளூரா மீசோதீலியோமால பாதிக்கு மேல பேருக்கு அது போயிருக்கும். ஆயுசு விஷயத்துல கட்டியில மட்டும் பேப்1 போனதுக்கு ஆராய்ச்சிகளே ஒரே பதில் சொல்லல, சிலதுல கொஞ்சம் நல்லதுன்னு வருது, சிலதுல ஒரு வித்தியாசமும் இல்ல. சிடிகேஎன்2ஏ டெலீஷன் தான் ரெண்டு வேலையும் செய்யும், கேன்சர்னும் சொல்லும், கொஞ்சம் வேகமான ரகம்னும் சொல்லும். சார்கோமடாய்டுங்கிற ரொம்ப வேகமான செல் டைப்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது போயிருக்கும், வயித்து உறையில வர்ற மீசோதீலியோமால குறைவு. அதனால இதுல கெட்டதுன்னு தெரியறதுல ஒரு பங்கு செல் டைப்போட கெட்டது, ரெண்டும் கலந்து தான் அந்த கிராஃப்ல தெரியுது. எங்க ஆங்காலஜிஸ்ட் சொன்ன வரிசை இது: முதல்ல செல் டைப், அப்புறம் ஸ்டேஜ், ஆள் எழுந்து நடமாடுற தெம்பு, ரத்தத்துல ஹீமோகுளோபின், பிளேட்லெட்டு, இதுக்கெல்லாம் அப்புறம் தான் ஜீன். "எபிதீலியாய்டுங்கிற ஒரு வார்த்தை உங்க மூணு வரியை விட பெருசும்மா"ன்னு சொன்னார். செல் டைப்புலயே கொஞ்சம் மெதுவான ரகம் அது, அந்த வார்த்தையை நான் தேடக் கூட இல்ல.

அப்புறம் மீடியன். 2003ல வந்த பெமெட்ரெக்ஸெட் சிஸ்பிளாட்டின்ங்கிற ரெண்டு கீமோ மருந்தோட டிரையல்ல உயிரோட இருந்த மீடியன் 12.1 மாசம், சிஸ்பிளாட்டின் மட்டும் குடுத்தவங்களுக்கு 9.3. நான் படிச்சது 12 மாசம் தான் கெடுன்னு. மீடியன்னா வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆள், பாதிப் பேர் அதுக்கு மேல, அந்த மேல் பாதி சில சமயம் ரொம்ப தூரம் நீளும். ஸ்டீபன் ஜே கூல்டுங்கிற விஞ்ஞானிக்கு 1982ல வயித்துல மீசோதீலியோமா, அவர் தேடிப் பாத்தப்போ கெடச்ச மீடியன் 8 மாசம், அவர் இறந்தது 2002ல, அதுவும் வேற ஒரு கேன்சர்ல. எல்லாருக்கும் அப்படி நடக்கும்னு சொல்ல வரல, சத்தியமா இல்ல. ஆனா நான் நடுப் புள்ளியைக் கடைசிப் புள்ளின்னு நினைச்சுக்கிட்டு அப்பா கூட இருந்த முதல் மூணு வாரத்தை இழவு வீடு மாதிரி ஆக்கிட்டேன், அது எனக்கு இப்பவும் வலிக்குது.

இதுக்கு மேல தான் எங்க கதையே மாறுச்சு. முதல் நாள் டாக்டர் கேட்டார், குடும்பத்துல யாருக்காவது கேன்சர் உண்டா. அப்பா இல்லன்னார், நானும் இல்லன்னேன், ஃபார்ம்ல இல்லன்னு எழுதிட்டாங்க. கீமோ நாலாவது சைக்கிள் ஓடிக்கிட்டிருக்கும்போது ஜெனடிக் கவுன்சலர் ஒருத்தங்க வந்து உக்காந்து வேற மாதிரி கேட்டாங்க, "அப்பா கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, யாருக்காவது கண்ணுல, கிட்னியில, தோல்ல ஏதாவது எடுத்திருக்காங்களா?" அப்பா சாதாரணமா சொன்னார், "என் அக்காவுக்கு நாப்பது வயசுல ஒரு கண்ணை எடுத்துட்டாங்க, உள்ள ஏதோ கட்டின்னு." நான் அத்தையை சின்ன வயசுலேர்ந்து அந்தக் கண்ணாடிக் கண்ணோட தான் பாத்திருக்கேன், அது என்னன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல, வீட்ல 'கண்ணுல கட்டி'ன்னு தான் சொல்லுவாங்க, கேன்சர்ங்கிற வார்த்தையை யாரும் வாயில எடுத்ததே கிடையாது. கவுன்சலர் பேனாவை அப்படியே வச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

பேப்1 கட்டியில மட்டும் போகலாம், இல்ல பொறக்கும்போதே ஒரு காப்பி கெட்டு வந்திருக்கலாம். பொறப்புலயே வந்தா கண் மெலனோமா, தோல் மெலனோமா (மெலனோமான்னா நிறம் குடுக்கிற செல்லுல வர்ற கேன்சர்), கிட்னி கேன்சர், மீசோதீலியோமா இதெல்லாம் ஒரே குடும்பத்துல வரலாம், 2011ல டெஸ்டா, கார்போன் இவங்க குழு தான் ரெண்டு குடும்பத்தை வச்சு இதைக் கண்டுபிடிச்சாங்க, அதுல ஆஸ்பெஸ்டாஸ் வேலையே பாக்காதவங்களும் இருந்தாங்க. அப்பாவோட ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, இருந்துச்சு. கட்டி ரிப்போர்ட்ல பேப்1 லாஸ்னு வந்ததுக்கும் ரத்த டெஸ்ட்ல வந்ததுக்கும் உள்ள வித்தியாசம் தான் நீங்க கட்டாயம் புரிஞ்சுக்க வேண்டியது. கட்டியில லாஸ்னு வர்ற முக்கால்வாசிப் பேருக்கு மேல ரத்தத்துல ஒண்ணும் இருக்காது, அதைப் பாத்து பிள்ளைங்க பயப்பட வேண்டாம், ஆனா கேன்சர் வரவழைக்கிற ஏதாவது ஒரு ஜீன் பொறப்புலயே கெட்டவங்க மீசோதீலியோமா நோயாளிங்கள்ல நூத்துக்கு சுமார் 12 பேர்னு 2018ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதனால கேக்காம விடவும் கூடாது.

இதுல விசித்திரம் என்னன்னா பொறப்புலயே பேப்1 கெட்டவங்களுக்கு மீசோதீலியோமா சீக்கிரமா வருது, ஆனா வந்தா மெதுவா போகுது. 2015ல வந்த ஒரு ஆராய்ச்சியில அப்படிப்பட்ட 23 பேரைப் பாத்தாங்க, 5 வருஷம் தாண்டினவங்க 47 சதவீதம், மத்த நோயாளிங்கள்ல 6.7 சதவீதம். நான் இதைப் படிச்சுட்டு ஓடிப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன், ஒரு பக்கம் நல்ல ஜீன் சேதி, இன்னொரு பக்கம் சிடிகேஎன்2ஏ கெட்ட சேதி, ரெண்டையும் கூட்டிக் கழிச்சா எவ்ளோ வரும்னு கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, 23 பேரை வச்சு ஒரு ஆளுக்குத் தேதி போட முடியாதும்மா, ரெண்டும் ஒண்ணா இருக்கிறவங்களைத் தனியா எடுத்தா இன்னும் கம்மி பேரு, நான் ஏதாவது நம்பர் சொன்னா அது என் கற்பனையா தான் இருக்கும்னார். அவர் மேல எனக்கு முழு நம்பிக்கை வந்தது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் நான் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், புது டெஸ்ட் எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி கேப்பேன், இதோட பதில் எப்படி வந்தா நாம என்ன மாத்துவோம்னு. சில டெஸ்ட்டுக்கு 'ஒண்ணும் மாறாது'ன்னு பதில் வரும், அதை விட்டுடுவோம், அப்பாவுக்கு ஒரு ஊசி குறையும். சிலதுக்கு நெஜமாவே மாறும். சார்கோமடாய்டு, ரெண்டு ரகமும் கலந்த பைஃபேசிக் டைப்புக்கு நிவோலுமாப் இபிலிமுமாப்ங்கிற, உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல திருப்பி விடற இம்யூனோதெரபி கீமோவை விட நல்லா தூக்கி நிறுத்துதுன்னு 2020க்கு அப்புறம் தெளிவாயிடுச்சு, அங்க செல் டைப் தான் மருந்தையே முடிவு பண்ணுது. எம்டாப் போனவங்களுக்கு பிஆர்எம்டி5ங்கிற புரோட்டீனை அடக்குற மருந்து, என்எஃப்2 போனவங்களுக்கு டீட்ங்கிற புரோட்டீனை அடக்குற மருந்துன்னு டிரையல் நடந்துக்கிட்டிருக்கு, அதுல சேர உங்க கட்டியோட ஜீன் ரிப்போர்ட் கேப்பாங்க. அதனால பயாப்ஸி பிளாக்கை பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க, இருக்கிறது கொஞ்சூண்டு சதை, ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் அதுல இருந்து சீவிச் சீவித்தான் எடுப்பாங்க, எது முக்கியம்னு பாத்து வரிசை போட்டுக்கறது நல்லது. ரிப்போர்ட் காப்பி எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு, எது ஸ்டெயின், எது ஃபிஷ், எது சீக்வென்சிங், எது கட்டி, எது ரத்தம்னு மேலயே பேனாவால எழுதி வைங்க. பேப்1ல சின்னத் துண்டு அறுந்திருந்தா சீக்வென்சிங் சில சமயம் கோட்டை விட்டுடும், ஸ்டெயின்ல மாட்டிக்கும், ரெண்டு ரிப்போர்ட் முட்டிக்கிட்டா பதறாம இதைக் கேளுங்க.

குடும்பத்துல விசாரிக்கும்போது கேன்சர்னு கேக்காதீங்க. கண்ணை எடுத்தாங்களா, கிட்னியை எடுத்தாங்களா, மச்சம் வெட்டினாங்களா, வயித்துல நீர் கோத்து இறந்தாங்களான்னு கேளுங்க. வயசானவங்ககிட்ட உக்காந்து ஒவ்வொரு பேரா கேளுங்க, அவங்க போயிட்டா அந்தத் தகவலும் போயிடும். அத்தைகிட்ட நான் போய்க் கேட்டப்போ அவங்க டிரங்கு பெட்டியில இருந்து மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச பழைய டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துக் குடுத்தாங்க, அதுல தெளிவா மெலனோமான்னே எழுதியிருந்துச்சு. "நான் யார்கிட்டயும் காட்டலடி, உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகணுமேன்னு"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பா 40 மாசம் இருந்தார். அதுல 30 மாசம் நல்லா இருந்தார், தானே குளிச்சு, தானே நடந்து, எங்களைத் திட்டிக்கிட்டு. பேப்1னால அவ்ளோ நாள் கெடச்சுதா, சிடிகேஎன்2ஏ இல்லாம போனதால அதோட நின்னுச்சா, யாராலயும் சொல்ல முடியாது, நானும் இப்போ அந்தக் கேள்வியை விட்டுட்டேன்.

எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஐம்பது சதவீதம் வாய்ப்பு. டெஸ்ட்டுக்கு முன்னாடி கவுன்சலர் ரெண்டு தடவை உக்கார வச்சுப் பேசினாங்க, பாசிடிவ்னா என்ன பண்ணுவீங்க, நெகடிவ்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டு வாங்கன்னாங்க, அந்தப் பேச்சு இல்லாம ரத்தம் குடுக்காதீங்க. எனக்கு இல்ல. தம்பிக்கு இருக்கு. எனக்கு இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் அழுத அழுகை அவனுக்கு இருக்குன்னு தெரிஞ்சப்போ கூட அழல, அவன் தான் என்னைத் தேத்தினான். இப்போ அவன் வருஷா வருஷம் கண்ணு, தோலு எல்லாம் காட்டிட்டு வர்றான், வயித்துக்கும் ஸ்கேன் எடுக்கறாங்க, பழைய ஷீட்டு கட்டிடம் இடிக்கிற பக்கம் கூட போறதில்ல. கண் டெஸ்ட் அன்னிக்கு நான் கூட போவேன், மருந்து விட்டு கண் பாப்பாவை விரிய வச்சிடுவாங்க, நாலஞ்சு மணி நேரத்துக்கு பக்கத்துல இருக்கிற எழுத்து எதுவும் தெரியாது. போன மாசம் போயிருந்தோம், டாக்டர் உள்ள லென்ஸ் வச்சு ஓரம் ஓரமா பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னார். வெளிய வந்து கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "அக்கா, அடுத்த தேதி எப்போன்னு படி"ன்னு கார்டை என் கையில குடுத்தான்.